எக்காளம் எத்தனை முறை ஊத வேண்டும்?

நகர மதில்மேல் நிற்கும் காவற்காரனின் கடமையை விவிலியத்தின் எசேக்கியேல் நூல் 33ஆம் அதிகாரத்தில் வகுத்துச் சொல்கிறது. பகைவரின் வாள் வருவதைக் கண்டு அவன் எக்காளம் ஊதுகிறான். கேட்டும் ஒருவன் அசட்டையாக இருந்து மாண்டுபோகிறான். அந்த இரத்தப்பழி மாண்டவன் தலைமேலேயே இருக்கும். வாள் வருவதைக் கண்டும் ஊதாமல் இருந்துவிட்டால் பழி காவற்காரனைச் சேரும். இந்த நீதியில் ஒருவன் மட்டும் விடுபட்டுப் போகிறான்: வணிகரின் வண்டி வந்தாலும் ஆட்டுமந்தை வந்தாலும் நாள் முழுக்க ஊதிக்கொண்டே இருப்பவன். ஊரார் காது மரத்துப்போன பிறகு வாள் வந்தால், பழி யாருடையது?

கணினித் திரையில் இந்தக் கேள்வி தினமும் எழுகிறது. 2007 ஜனவரியில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, அமைப்புகளில் கை வைக்கும் போதெல்லாம் திரையை மங்கலாக்கி அனுமதி கேட்டது. எரிச்சலடைந்த பலர் படிக்காமலே ‘சரி’ என்று அழுத்தப் பழகினார்கள். சிலர் அந்த வசதியையே அணைத்துவிட்டார்கள். 2008 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆர்எஸ்ஏ கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், மைக்ரோசாஃப்டின் மேலாளர்களில் ஒருவரான டேவிட் கிராஸ், பயனர்களுக்கு எரிச்சலூட்டுவதற்காகவே அதைச் சேர்த்ததாக வெளிப்படையாகச் சொன்னார். தேவையில்லாமல் முழு நிர்வாக அதிகாரம் கேட்கும் மென்பொருள்களை எழுதுவோர், வாடிக்கையாளரின் எரிச்சலுக்குப் பயந்தாவது திருந்துவார்கள் என்பது கணக்கு.

நோக்கம் நல்லதுதான். ஆனால் அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது பயனரின் பொறுமை; அதைக் கொடுக்கச் சம்மதமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. மனிதரை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்று தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் வற்புறுத்திய அறத்தோடு இது மோதுகிறது. 2009இல் வந்த விண்டோஸ் 7 கேள்விகளைக் குறைத்தது. எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை நான்கு நிலைகளில் பயனரே தேர்ந்தெடுக்கவும் வழிசெய்தது.

எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் இருப்பதைச் சோம்பல் என்றும் அலட்சியம் என்றும் பழிப்பது எளிது. ஆனால் அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளை ஸ்கேன் கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்து, எச்சரிக்கைப் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, ஒரே எச்சரிக்கையை இரண்டாம் முறை பார்க்கும்போதே, காட்சியைக் கையாளும் மூளைப் பகுதிகளின் செயல்பாடு வெகுவாகச் சரிந்துவிட்டது. கண் பார்க்கிறது, மூளை பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உடலின் இயல்பு இது. இதைத் தெரிந்துகொண்டே ஒரே பெட்டியை ஐம்பது முறை காட்டிவிட்டு, ‘நாங்கள் சொன்னோமே’ என்று ஒரு நிறுவனம் கைகழுவுவது நேர்மையாகாது.

சாதாரணப் பயனர்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. 2013 நவம்பர் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளின் கணினிகளில் திருடர்கள் தீய நிரலை ஏற்றியபோது, ஃபயர்ஐ நிறுவனத்தின் கருவி அதைக் கண்டுபிடித்து எச்சரித்தது. பெங்களூரில் கண்காணித்துக்கொண்டிருந்த குழு, மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தகவல் சொன்னது. அங்கே உடனடி நடவடிக்கை எதுவும் இல்லை. ஏறத்தாழ 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்களும் 7 கோடிப் பேரின் சொந்தத் தகவல்களும் களவுபோயின. தீய நிரலைத் தானாகவே அழிக்கும் வசதி அந்தக் கருவியில் இருந்தும் அணைக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் செய்தி வெளியானது. இயந்திரம் முடித்திருக்கக்கூடிய வேலை, ஓயாமல் எச்சரிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்களிடம் தள்ளிவிடப்பட்டிருந்தது.

எதை இயந்திரமே முடிக்கலாம், எதை மனிதரிடம் கேட்க வேண்டும்? தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் ஒரு பாதுகாப்பற்ற பாலம் வருகிறது. அது விழப்போவது உறுதி, அதன்மேல் கால்வைக்கப் போகிறவரிடம் சொல்ல நேரமில்லை என்றால், அவரைப் பிடித்து இழுக்கலாம். ஆற்றில் விழ அவர் விரும்பவில்லை என்பதால் அவருடைய சுதந்திரம் பறிபோவதில்லை. ஆபத்து வரலாம், வராமலும் போகலாம் என்ற நிலையில் எச்சரிக்க மட்டுமே உரிமை உண்டு, முடிவு அவருடையது.

பாதுகாப்பு மென்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடைப்பது அரிது. வைரஸ் என்று உறுதியான கோப்பைக் கேள்வி கேட்காமல் ஒதுக்கிவைத்து, நடந்ததைப் பதிவேட்டில் எழுதிவைத்தால் போதும். பயனருக்கு மட்டுமே பதில் தெரிந்த இடத்தில்தான், ஓர் இணைப்பை அனுப்பியவர் உண்மையில் அவருக்குத் தெரிந்தவரா என்பது போன்ற இடத்தில்தான், திரையின் நடுவே வந்து நிற்கும் தகுதி எச்சரிக்கைக்கு உண்டு.

நம்பகமான எச்சரிக்கைக்கு மனிதர்கள் செவிசாய்க்கவும் செய்கிறார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகள் காட்டிய 2.5 கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை அலசியது. தீய நிரல், போலித் தளம் பற்றிய எச்சரிக்கைகளை மீறிச் சென்ற தருணங்கள் கால்பங்குக்கும் குறைவு. தளத்தின் அடையாளத்தைச் சரிபார்க்க முடியாதபோது குரோம் காட்டிய சான்றிதழ் எச்சரிக்கைகளோ பத்தில் ஏழு முறை மீறப்பட்டன. காலாவதியான சான்றிதழைப் புதுப்பிக்க மறந்த நல்ல தளங்களுக்கும் அதே எச்சரிக்கை வருவதுண்டு.

குரோமை உருவாக்கும் கூகுள் குழு அந்தச் சான்றிதழ் எச்சரிக்கைப் பக்கத்தைத் திருத்தி எழுதியது. பாதுகாப்பான வழி பெரிய பொத்தானாயிற்று. தொடர்ந்து செல்லும் வழி இன்னொரு சொடுக்குக்குப் பின்னால் போயிற்று. பயனருக்குப் புரியவைக்கும் முயற்சியில் தோற்றோம், ஆனால் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலானோர் பாதுகாப்பான வழியைத் தேர்ந்தார்கள் என்று 2015இல் அவர்களே எழுதினார்கள். புரியாமல் கீழ்ப்படிவது சம்மதமா? மில்லின் அளவுகோலில் முழுச் சம்மதம் ஆகாது. இருந்தும் கதவு பூட்டப்படவில்லை. விரும்புகிறவர் தேடித் திறக்கலாம். அந்த அளவில் இது ஏற்கத்தக்கதே. புரியவைக்கும் கடமை மட்டும் அப்படியே மிச்சம் நிற்கிறது.

ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் இயங்கும் ஏவி-டெஸ்ட் ஆய்வகம், ஆன்டிவைரஸ் மென்பொருள்களை மூன்று பிரிவுகளில் தலா 6 புள்ளிகளுக்குச் சோதிக்கிறது. பாதுகாப்புக்கு எத்தனை புள்ளியோ, பொய் எச்சரிக்கை இல்லாத பயன்பாட்டுக்கும் அத்தனை புள்ளி. வாங்குவோரும் அலுவலகங்களும் பார்க்க வேண்டிய எண் இது. சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும் விளம்பரத்தை ஆபத்துக்குரிய சிவப்பு நிறத்தில் காட்டுவதும் பொய் எச்சரிக்கையாகவே எண்ணப்பட வேண்டும். அதற்கும் புள்ளி குறைந்தால், ஊதும் முன் ஒருமுறை யோசிக்க நிறுவனங்களுக்குக் காரணம் கிடைக்கும்.