தோற்றவர் இறங்கினார்

மேற்கு ஆப்பிரிக்காவின் டஹோமி, பிரான்சிடமிருந்து 1960 ஆகஸ்ட் 1 அன்று விடுதலை பெற்றது. வடக்கு, தெற்கு, தென்கிழக்கு என்று பகுதிக்கொரு தலைவர். மூவருக்கும் ஒரே நாற்காலி மீது கண். அவர்கள் சண்டை முற்றும்போதெல்லாம் ராணுவம் புகுந்தது. 1963 முதல் 1972 வரை ஐந்து ஆட்சிக் கவிழ்ப்புகள். மூவரும் முறைவைத்து இரண்டிரண்டு ஆண்டு ஆள்வது என்று 1970இல் ஓர் ஏற்பாடு வந்தது. இரண்டாமவர் பதவியேற்ற சில மாதங்களிலேயே அதுவும் கவிழ்ந்தது.

1972இல் ஆட்சியைப் பிடித்த மாத்தியூ கெரெக்கு, 1975இல் நாட்டுக்குப் பெனின் என்று பெயர் மாற்றினார். நிலைத்து ஆண்டார், ஆனால் 1989இல் கஜானா காலி, வங்கிகள் முடங்கின. ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

1990 பிப்ரவரியில், நாட்டின் எதிர்காலத்தை முடிவுசெய்ய, கொத்தோனு நகரின் ஓட்டல் ஒன்றில் ஏறத்தாழ 500 பேர் கூடினார்கள். விவசாயிகள், தொழிற்சங்கத்தினர், மதத் தலைவர்கள், முன்னாள் அதிபர்கள் எல்லோரும் இருந்தார்கள். கத்தோலிக்க ஆயர் ஒருவர் தலைமை வகித்தார். தங்கள் முடிவே இறுதி என்று அந்த அவை அறிவித்தது. படையை ஏவும் பலம் கெரெக்குவிடம் இருந்தது, ஆனாலும் அவர் பணிந்தார். 1991 தேர்தலில் தோற்றுப் பதவி விலகினார். 1996இல் வாக்குகளால் வென்று திரும்பினார்.

ஆட்சியைப் பிடிக்க ஒரு படைப்பிரிவு போதும். தோல்வியை ஏற்றுக்கொள்ளும் மனம்தான் ஒரு நாட்டைக் குடியரசாக்குகிறது.