தொண்ணூற்றொன்பதும் ஒன்றும்

ஆயன் ஒருவன் மாலையில் தன் ஆடுகளை எண்ணுகிறான். நூறு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று குறைகிறது. மத்தேயு, லூக்கா ஆகிய இரு நற்செய்தியாளரும் எழுதிவைத்த இந்த உவமையை நாம் பாவியின் மனமாற்றத்தோடு இணைத்தே பெரும்பாலும் மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அது முறையே. ஆயினும் எண்ணிக்கையைப் பற்றிய ஒரு கேள்வியும் அதனுள் மறைந்து கிடக்கிறது. ஆயன் எதற்காக எண்ணினான்? மந்தையின் பெருமையை அறிவதற்கா, இல்லாதது எது என்று அறிவதற்கா?

நம் அரசுகளும் எண்ணுகின்றன. 2018-20 காலத்துக்கான கணக்கின்படி, ஓர் இலட்சம் பிள்ளைப்பேறுகளுக்கு இறந்துபோகும் தாய்மார் இந்திய அளவில் 97 பேர். தமிழ்நாட்டில் 54 பேர். இது சிறிய சாதனை அன்று. வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராய் நடந்த கிராமச் செவிலியர்களும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு விழித்த மருத்துவர்களும் ஈட்டித் தந்த எண் அது. அவர்களை நன்றியோடு நினைக்கவேண்டும். ஆனால், சராசரி என்பது தொண்ணூற்றொன்பதின் மொழி. அந்த ஒன்று எங்கே கிடக்கிறது என்பதை அது சொல்லாது.

வேலூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகாலத் துன்பத்தில் இருந்த தம் மனைவியரைக் காப்பாற்றுமாறு ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணிடம் மன்றாடினர். அவரோ மருத்துவம் கற்றவர் அல்லர். மருத்துவரான தந்தை பக்கத்திலேயே இருந்தார். ஆடவர் ஒருவர் தம் மனைவியரைத் தொடுவதை அம்மூவரும் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். மருத்துவர் கூப்பிடு தொலைவில் இருந்தும் எட்டாத் தொலைவில் இருந்தார். அந்த இரவு ஐடாவை மருத்துவராக்கியது. 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கிய பணியே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நம் பிரிவினைச் சகோதரர்களின் இப்பணியைப் புகழ்வதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு நாள் இரயிலில் அமர்ந்து நோயாளிகள் அங்கே வருகிறார்கள்.

அதே மாவட்டத்தில், அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலைச் சிற்றூர் ஒன்றில், 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. சாலை இல்லாத மலை. மருத்துவமனையை அடையுமுன் குழந்தை இறந்தது. பிரேதப் பரிசோதனைக்குப்பின் உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்சும் சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. எஞ்சிய தொலைவைத் தாய் தன் குழந்தையின் உடலைச் சுமந்து நடந்தே கடந்தாள். செய்தித்தாளில் அப்படத்தைக் கண்டவர்கள் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள்.

இங்கே ஒரு வாதம் எழும். அதை இரக்கமற்ற வாதம் என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. சில குடும்பங்களே வாழும் மலையூருக்குச் சாலை அமைக்கக் கோடிக்கணக்கில் ஆகும். அதே பணத்தைச் சமவெளியில் செலவிட்டால் பலர் பிழைப்பார்களே! பெரும்பான்மையின் பெரும் நன்மையைத் தேடுவதன்றோ நல்ல ஆட்சி? காடும் காக்கப்பட வேண்டியதே; மலைதோறும் ஒரு மருத்துவமனை கட்டுவதும் இயலாது. இவையெல்லாம் உண்மையே.

இருப்பினும், இவ்வாறு கணக்கிடுகிறவர் எப்போதும் தம்மைத் தொண்ணூற்றொன்பதில் ஒருவராகவே வைத்துக் கணக்கிடுகிறார் என்பதைக் கவனியுங்கள். பங்கீட்டு நீதியைப் பற்றிப் பேசும் புனித தோமா அக்குவினா, அது எல்லாருக்கும் ஒரே அளவாகப் பிரித்துத் தருவதன்று, விகிதமறிந்து தருவது என்று விளக்குகிறார். அவ்விகிதத்தில் தேவையும் ஓர் அளவுகோலாக வேண்டும் என்பது நம் துணிபு. திருத்தந்தை 23ஆம் யோவான் 1963ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று வெளியிட்ட உலக அமைதி பற்றிய சுற்றுமடலில், உணவு, உடை, உறையுளோடு மருத்துவ உதவியையும் மனிதரின் உரிமைகளுள் ஒன்றாக வைத்தார். உரிமை என்றான பிறகு, மிச்சம் இருந்தால் தருவோம் என்று சொல்ல இடமில்லை.

மற்றொன்றும் உண்டு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கு பாம்புகளின் நஞ்சிலிருந்தே நம் நாட்டில் நச்சுமுறி மருந்து செய்யப்படுகிறது. அந்நஞ்சில் பெரும்பகுதியை எடுத்துத் தருவோர், மாமல்லபுரத்தை அடுத்து 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். அல்லேரியில் வாழ்வோர் வேறு பழங்குடியினர்தாம். என்றாலும், பழங்குடி மக்களின் கைகள் உயிரைப் பணயம் வைத்துத் தந்த மருந்து, பழங்குடிக் குழந்தை ஒன்றுக்குக் காலத்தில் எட்டவில்லை. இதைத் தருமக் கணக்கில் எழுதுவதா, கடன் கணக்கில் எழுதுவதா?

மருத்துவ உதவி எங்கே மிகுதியாகத் தேவையோ அங்கே குறைவாகவே கிடைக்கிறது என்பதை, 1971இல் ஒரு விதியாகவே எழுதிவைத்தார் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்னும் மருத்துவர். வேல்ஸ் நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த கிளின்கோரக் என்னும் சிற்றூரில் பணியாற்றியவர் அவர், மார்க்சியர். அவரைத் தேடி வந்த நோயாளிகளோடு அவர் நின்றுவிடவில்லை. ஊரில் வாழ்ந்த வயதுவந்தோர் பட்டியலை எடுத்து, வராதவர்களைத் தேடிப்போய் இரத்த அழுத்தம் பார்த்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் கணக்கிட்டபோது, பக்கத்திலிருந்த அதுபோன்ற ஊரைவிட அங்கே 65 வயதுக்குமுன் இறப்போர் குறைந்திருந்தனர். நற்செய்தி ஆயனின் எண்ணும் முறை இதுதான்.

நம் பங்குகளிலும் திருவிழாவையொட்டி மருத்துவ முகாம்கள் நடைபெறுகின்றன. முந்நூறு பேர் வந்தனர், நானூறு பேர் வந்தனர் என்று பலிபீடத்திலிருந்து அறிவிக்கிறோம். வந்தவர்கள் நடக்க முடிந்தவர்கள்; ஒரு நாள் கூலியை இழக்க முடிந்தவர்கள். படுக்கையில் கிடக்கும் முதியவர், காசநோயை வெளியே சொல்ல அஞ்சும் மருமகள், செங்கல் சூளையிலிருந்து விடுப்புக் கிடைக்காதவர் ஆகியோர் அந்த முந்நூறில் இல்லை. வராதவர் பட்டியலை எழுதுவதற்கு மருத்துவர் வேண்டியதில்லை. குடும்பப் பதிவேடு பங்கு இல்லத்திலேயே இருக்கிறது. மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் வாரந்தோறும் வீடு சந்திக்கிறார்கள். அடுத்த முகாமுக்கு மறுநாள், பதிவேட்டையும் முகாமின் பெயர்ப்பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.