கம்பெனி விழுந்தால் கடைக்காரர் கடன்பட்டவரா?

பெரிய நிறுவனம் ஒன்று திவாலானால் செய்தியில் அடிபடுவது அதன் கடன் தொகையும் முதலாளியின் பெயரும்தான். அதன் பெயரில் ஃபிரான்சைஸ் எடுத்துச் சிற்றூரில் கடை நடத்தியவரை யாரும் பேசுவதில்லை. டெபாசிட் கட்டியது அவர். வாடகையும் கடை அலங்காரமும் அவர் செலவு. நிறுவனத்தின் வாக்கு பொய்த்த அன்று வாடிக்கையாளர் வந்து நிற்பதும் அவர் வாசலில்தான். கேரளத்தில் பொன்முடி போகும் வழியில் உள்ள வித்துரா போன்ற ஊர்களில் கடைக்காரரின் வீடுகூட எல்லோருக்கும் தெரியும். அவர் தன் கைப்பணத்திலிருந்து திருப்பித் தரக் கடமைப்பட்டவரா?

2018-இல் ஏர்செல் கைபேசி நிறுவனம் விழுந்த விதத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரி இறுதியில் ஆறு தொலைத்தொடர்பு வட்டங்களில் சேவை நின்றது. பிப்ரவரியில் தமிழ்நாட்டில் சிக்னல் அறுந்தது. அம்மாத இறுதியில் திவால் மனு தாக்கலானது. ரீசார்ஜ் விற்பவர் முன்பணம் கட்டித்தான் இருப்பு வாங்குவார்; சிக்னல் போனபின் அந்த இருப்புக்கு மதிப்பில்லை. அவரிடம் ரீசார்ஜ் செய்தவருக்கும் அதே கதிதான்.

வாங்கியவர் பக்கம் நியாயம் உண்டு. அவர் நம்பியது எங்கோ இருக்கும் தலைமையகத்தை அல்ல, எதிரே நின்று பணம் வாங்கியவரை. கமிஷன் பெற்றவருக்கு நட்டத்தில் பங்கில்லை என்பது எப்படி? கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. விலை, விளம்பரம், உத்தரவாதம் எதையும் அவர் தீர்மானிக்கவில்லை. கம்பெனியின் கணக்கைப் பார்க்கும் உரிமை அவருக்கு இல்லை. அறியாததற்கும் தடுக்க முடியாததற்கும் ஒருவரை முழுப் பொறுப்பாளி ஆக்குவது அறமாகாது.

ஆகவே யாருக்கு எப்போது தெரிந்தது என்பதை வைத்தே பொறுப்பை அளக்க வேண்டும். தெரியாமல் விற்ற காலத்துக்குக் கடைக்காரர் தர வேண்டியது, கிடைக்காத சேவைக்காகத் தான் பெற்ற கமிஷனும் உண்மைத் தகவலும் உரிய இடத்தில் முறையிடத் துணையும்தான். தெரிந்த நாளுக்குப் பின் நிலைமை வேறு. கையில் தங்கிய இருப்பை எப்படியாவது தள்ளிவிடலாம் என்று வாய்மூடி விற்றவர், தன் நட்டத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டியவர். ஏமாற்றப்பட்டவர் என்பதால் இன்னொருவரை ஏமாற்றும் உரிமை அவருக்கு வந்துவிடாது. அந்தப் பணம் முழுவதையும் அவர் திருப்பித் தந்தாக வேண்டும்.

பழைய பெயர்ப்பலகையை வைத்துக்கொள்வதும் இதே அளவுகோலுக்கு உட்பட்டதே. அமெரிக்காவில் பிளாக்பஸ்டர் நிறுவனம் 2010-இல் திவாலானது. ஆரிகன் மாநிலத்தின் பெண்ட் நகரக் கடை மட்டும் 2019-இலிருந்து அந்தப் பெயரில் உலகின் கடைசிக் கடையாக நடந்துவருகிறது. தன்னிடமுள்ள படங்களையே வாடகைக்கு விடுவதால் அங்கே பொய் வாக்கு எதுவுமில்லை. ஆனால் பின்னால் ஆளில்லாத உத்தரவாதத்தை அதே பலகையின்கீழ் விற்பது மோசடி.

இந்த அளவுகோல் தலைமையகத்தின்மேல் இன்னும் கடுமையாக விழ வேண்டும். சரிவு முதலில் தெரிவது அங்கேதான். தெரிந்த பிறகும் புதிய டெபாசிட் வாங்குவது வியாபாரத் தோல்வியல்ல, வஞ்சகம். சட்டமோ கடைக்காரரை வரிசையின் கடைசிப் பக்கம் நிறுத்துகிறது. இந்தியாவின் 2016 திவால் சட்டப்படி கடன்காரர் குழுவில் வாக்கு பெரும்பாலும் வங்கிகள் போன்ற நிதிக் கடன்காரர்களுக்கே. சொத்தை விற்றுப் பங்கிடும்போது தொழிலாளர்களின் 24 மாத பாக்கிக்கு முன்னிடம் உண்டு. வித்துராவுக்கு மேலே போணக்காடு தேயிலைத் தோட்டம் நொடித்தபின், கூலியும் பணிக்கொடையும் கிடைக்காமல் லயங்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்தால், தொழிலாளி என்ற உரிமையே எவ்வளவு மெதுவாகக் கைக்கு வருகிறது என்பது புரியும். அந்த உரிமையும் இல்லாத கடைக்காரருக்கு என்ன மிஞ்சும்?

வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களை 2018-இல் திருத்தம் கொண்டுவந்து நிதிக் கடன்காரர்களாக ஏற்றது இதே சட்டம்தான். ஃபிரான்சைஸ் டெபாசிட்டுக்கும் அத்தகைய காப்பு வேண்டும். அமெரிக்காவில் ஒப்பந்தத்துக்கு 14 நாட்களுக்கு முன்பே நிறுவனம் தன் நிதிநிலை அறிக்கையைக் காட்டியாக வேண்டும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. 1872-இன் ஒப்பந்தச் சட்டமே துணை. டெபாசிட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைக்கவும், கடன் தவணை தவறியதும் எல்லாக் கடைகளுக்கும் எழுத்தில் தெரிவிக்கவும் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். அப்போதுதான் வாடிக்கையாளரிடம் உண்மை பேசு என்று கடைக்காரரிடம் கேட்பது நியாயமாகும். உண்மை முதலில் அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?