அவிழ்க்கும் கை

நகை பற்றிய பேச்சு நம்மிடையே விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. நான் வேலை பார்க்கும் வங்கியில், அடகுக்கு வரும் ஆரத்தை எடைபோடும் மதிப்பீட்டாளர் கல், மணி, அரக்கு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சும் பொன்னுக்கு மட்டுமே கணக்கெழுதுகிறார். செய்த கைக்கு அதில் இடமில்லை. கடன் கொடுப்பவனுக்கு இது நியாயமே. ஆனால் கழித்தலைத் தலைகீழாகச் செய்தால்? பொன்னை எடுத்துவிட்ட பிறகு நகையில் மிஞ்சுவது என்ன?

இதைச் செய்து பார்த்தவர் அன்னி ஆல்பர்ஸ். 1922-ல் ஜெர்மனியின் பௌஹவுஸில் சேர்ந்த அவருக்கு, பெண் என்பதால், கிடைத்தது நெசவுப் பட்டறைதான். விரும்பித் தேர்ந்ததல்ல, ஆனால் அவர் பெயர் நிலைத்தது தறியில்தான். 1933-ல் அமெரிக்காவின் பிளாக் மௌண்டன் கல்லூரிக்கு வந்தார். பின்னர் மெக்ஸிகோவில், மாண்டே ஆல்பன் கல்லறையில் 1932-ல் கண்டெடுக்கப்பட்ட நகைகளைப் பார்த்தார். படிகத்தோடு பொன், முத்தோடு சாதாரணக் கிளிஞ்சல் — பொருள்களுக்குள் மேல் கீழ் இல்லை. அலெக்ஸ் ரீட் என்ற மாணவரும் அவரும் வாஷர், ஹேர்பின், கார்க், ஜெம் கிளிப், தண்ணீர்த் தொட்டியின் சல்லடைத் தகடு இவற்றைக் கொண்டு கழுத்தணிகள் செய்தார்கள். 1946-ல் நியூயார்க் நவீனக் கலை மியூஸியத்தின் கண்காட்சியில் இவை வைக்கப்பட்டன.

என் மேஜையில் வவுச்சர்களைப் பிடித்திருக்கும் ஜெம் கிளிப்பும் அதுவும் ஒன்றுதான். மிஞ்சியது, எதன் பக்கத்தில் எது என்ற தீர்மானம் மட்டுமே. உள்ளே முதலில் ஏதோ பொங்குகிறது, பிறகு அது உருவத்தைத் தேடிக்கொள்கிறது என்பது நம் எழுத்தாளர்களின் நம்பிக்கை. இங்கே நடந்தது வேறு. பொருள் முதலில் வந்தது. அதற்குக் கட்டுப்பட்ட பிறகே 'சுயம்' என்று ஒன்று தென்பட்டது. படைப்பின் அழைப்பு வெளியிலிருந்தும் வரலாம். வேண்டாத வாசல் வழியாகவும் வரலாம்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் அது சௌகரியமான முடிவாகிவிடும். பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் பாசிமணி கோர்க்கும் நரிக்குறவப் பெண்ணைக் கவனியுங்கள். மூன்று கறுப்புக்கு ஒரு சிவப்பு என்று போய்க்கொண்டிருப்பவள் சட்டென்று நிறுத்துகிறாள், உருவுகிறாள், சிவப்புக்குப் பதில் வெள்ளை. வாங்குகிறவர் இதைக் கேட்கவில்லை, கவனிக்கப்போவதும் இல்லை. ஆல்பர்ஸ் எடுத்த அதே தீர்மானம்தான். அவருடையதைக் கலை என்கிறோம். இவளுடையதைக் குலத்தொழில் என்கிறோம். வங்கித் தராசைவிட நம் விமர்சனத் தராசு ஒன்றும் மேலானதல்ல. அது பொன்னைத் தவிர எல்லாவற்றையும் கழிக்கிறது என்றால், இது பெயரைத் தவிர எல்லாவற்றையும் கழிக்கிறது.

இருவரும் ஒன்று என்று சொல்லிவிடுவதும் பொய்யே. உருவி மறுபடி கோர்க்கும் நேரத்துக்கு விலை உண்டு. ஆல்பர்ஸுக்கு ஒரு கல்லூரி இருந்தது. ஒரு பத்தியை நான்கு முறை அடித்தெழுத எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. அவளோ அந்த நேரத்தை அன்றைய விற்பனையிலிருந்துதான் எடுக்க வேண்டும். எனவே, படைக்கும் உந்துதல் யாருக்கு இருக்கிறது என்பதல்ல அறவியல் கேள்வி. அது பரவலாகவே இருக்கிறது. கோர்த்ததை அவிழ்க்கும் உரிமையை யாருக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதே கேள்வி.