தீயைப் பறித்த சிறுவனும் சூரன் போரும்

வயது பன்னிரண்டு. மொட்டைத் தலை, நெற்றியில் நீல அம்புக்குறி, இறைச்சி தொடாத நாக்கு. 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரின் ஆங் என்ற இந்தச் சிறுவன் நெருப்பு நாட்டு மன்னன் ஓசாயைக் கொன்றே ஆக வேண்டும் என்கிறார்கள் எல்லோரும். கொல்ல மாட்டேன் என்கிறான் அவன். 2005 பெப்ரவரியில் தொடங்கிய 61 அத்தியாயக் கதை, 2008 ஜூலை 19இல் ஒளிபரப்பான இறுதிக் கட்டத்தில் இந்த மறுப்பில் வந்து நிற்கிறது.

மறுப்பது அவனுக்குச் சுலபமல்ல. ஓசாயின் பாட்டன் சோசின்தான் ஆங்கின் இனத்தையே அழித்தவன். தன் குரு கியாட்சோவின் எலும்புக்கூட்டை ஆங் காணும்போது, அதைச் சுற்றிப் பகைவீரர்களின் எலும்புகளும் கிடக்கின்றன. சாந்தமான அந்தத் துறவிகூடக் கடைசியில் போராடியே மடிந்திருக்கிறார். முன்பிறவி அவதாரங்களிடம் வழி கேட்கிறான். அவன் இனத்திலேயே பிறந்த யாங்சென்னும் கைகொடுக்கவில்லை: தன் ஆன்மத் தூய்மையைப் பேணுவது துறவிக்குத் தகும், உலகைக் காக்க வந்தவன் அதையும் துறக்க வேண்டும் என்பது அவள் வாதம். தேர்த்தட்டில் சோர்ந்து அமர்ந்த அர்ச்சுனனுக்குக் கண்ணன் சொன்னதற்கு இது வெகு நெருக்கம். அர்ச்சுனன் வில்லை எடுத்தான். ஆங் ஒப்பவில்லை.

அப்போது ஒரு சிங்க ஆமை, பகைவனின் ஆற்றலை மட்டும் பறிக்கும் வித்தையை அவனுக்கு அருளுகிறது. ஓசாய் நெருப்பை இழந்து சிறைக்குப் போகிறான். கதையாசிரியர்கள் சிக்கலிலிருந்து நழுவிவிட்டார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் அந்த முடிவில் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் ஆயுதம் போகிறது, உயிர் அதன் பிறகே தப்புகிறது.

கொழும்புத் தமிழருக்கு இந்த வரிசை புதிதல்ல. கந்தசஷ்டியின் ஆறாம் நாள் முருகன் கோவில் வீதிகளில் நடக்கும் சூரன் போரில், தேவர்களைச் சிறைவைத்த அசுரன் சூரனின் தலைகள் ஒவ்வொன்றாக மாறும். கடைசியில் மாமரம் பிளக்கும். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் முருகன் முதலில் வீரவாகு தேவரைத் தூதனுப்புகிறார். போர்க்களத்திலும் தன் பேருருவைக் காட்டுகிறார். சூரன் ஒரு கணம் நெகிழ்கிறான், பிறகு பழைய கோபத்துக்கே திரும்புகிறான். வேல் பிளந்த பின்னரே அவன் மயிலும் சேவலும் ஆகிறான். ஊர்தியாகவும் கொடியாகவும் வென்றவனுடனேயே இருக்கிறான். ஆங்கின் கருணை இவ்வளவு தூரம் எட்டவில்லை. ஆனால் புராணத்திலும் ஒரு முள் உண்டு. தேவர்களை விடுவித்துவிடு என்று தமையனுக்குப் புத்தி சொன்ன சிங்கமுகன், பாசத்தால் அவன் பக்கம் நின்று போரில் மாண்டான். நல்லது சொன்னவன் அழிய, கேளாதவன் மயிலானான். பக்தியோடு படிப்பவர்களும் இந்த இடத்தில் நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

சிங்கள அயலவர்களின் வீடுகளில் கர்ப்பிணிகளுக்காக அங்குலிமால பிரித் ஓதப்படுகிறது. மனிதரைக் கொன்று விரல்களை மாலையாக அணிந்த அங்குலிமாலன், புத்தரைக் கண்டதும் ஆயுதங்களை எறிந்துவிட்டுத் துறவியானான். கதை அங்கே முடிந்துவிடவில்லை. பிச்சைக்குப் போன அவன்மேல் கற்கள் விழுந்தன. மண்டை உடைந்து, இரத்தம் வழியத் திரும்பினான். பொறுத்துக்கொள், இது உன் வினைப்பயன் என்றார் புத்தர். கல் எறிந்தவர்களை அவர் கண்டிக்கவில்லை.

1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரித்தவர்களில் பெரும்பாலானோர் நீதிமன்றப் படி மிதிக்கவில்லை. 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அந்த வன்முறைக்காக மன்னிப்புக் கேட்டார். அது பெரிய செயல்தான். ஆனால் மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள் என்ற அறிவுரை இழந்தவர்களிடமே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயக் குண்டுவெடிப்பில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கும் அதே அறிவுரையைக் கேட்க நேர்கிறது. இந்த மூன்று கதைகளும் அப்படிச் சொல்லவில்லை. கொடுமை செய்தவனின் கை ஓய்ந்த பிறகே அவற்றில் கருணை பேசப்படுகிறது.

இதை அந்தத் தொடரில் நேர்மையாகச் சொல்வது ஆங் அல்ல, அவன் தோழி கட்டாரா. தாயைக் கொன்ற யோன் ராவைத் தேடிப் போகிறாள். மன்னித்துவிடு என்கிறான் ஆங். கொட்டும் மழையைப் பனிக்கத்திகளாக்கி அந்தக் கிழவன்மேல் ஏவி, அவன் முகத்தருகே நிறுத்திவிடுகிறாள். கொல்லவில்லை. அவள் மன்னித்துவிட்டதாக எண்ணி ஆங் மகிழ்கிறான். இல்லை, ஒருநாளும் மன்னிக்க மாட்டேன் என்கிறாள். அவள் மன்னிப்பது சுக்கோவை: ஓசாயின் மகன், ஒரு காலத்தில் அவர்களைத் துரத்தியவன், இப்போது தந்தையைத் துறந்து ஆங்கிற்கு நெருப்பு வித்தை கற்பிப்பவன்.