எந்த ‘இல்லை’?

ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்தில் நிற்கும் பள்ளி மாணவிக்கு ‘பஸ் வரவில்லை’ என்று சொல்ல ஒரு தயக்கமும் கிடையாது. அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். ‘டிட் நாட் கம்’ என்பதா, ‘ஹாஸ் நாட் கம்’ என்பதா, ‘இஸ் நாட் கமிங்’ என்பதா? மூன்றுக்கும் தமிழில் ‘வரவில்லை’ ஒன்றே போதும். எதிர்மறை மூன்று காலத்தையும் ஏற்கும் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது. ஆங்கிலம் அப்படி விடாது. துணைவினையைத் தொட்டவுடனேயே எந்தக் காலத்து இன்மை, எப்படிப்பட்ட இன்மை என்று சொல்லியாக வேண்டும்.

நம் பள்ளிகளில் இது பெரும்பாலும் வாய்பாடாகவே சொல்லித்தரப்படுகிறது. ஹி, ஷி, இட் வந்தால் ‘டஸ்’. ஐ, வீ, யூ, தே வந்தால் ‘டூ’. நடந்து முடிந்ததென்றால் ‘டிட்’. வாய்பாடு தேவைதான். ஆனால் அதன் அடியில் கிடக்கும் கேள்வி மிகப் பழையது, மாணவர்களுக்குச் சொல்லத் தகுந்தது: இன்மையெல்லாம் ஒரே இன்மைதானா?

அல்ல என்றார்கள் நம் தருக்க நூலார். அபாவத்தை, அதாவது இன்மையை, நான்காகப் பிரித்தார்கள். ஒரு பொருள் தோன்றுவதற்கு முன் இருக்கும் இன்மை முன்னபாவம். பஸ் இன்னும் வரவில்லை, ஆனால் வரக்கூடும் என்று காத்திருப்பவர் சொல்லும் ‘ஹாஸ் நாட் கம்’ இதற்கு மிக நெருக்கம். நேரம் கடந்து, வீட்டுக்குத் திரும்பியவர் சொல்வது ‘டிட் நாட் கம்’. காத்திருப்பு முடிந்துவிட்டது. அந்த ஊருக்குப் பேருந்தே கிடையாதென்றால் ‘டஸ் நாட் கம்’. அதைத் தமிழும் ‘வருவதில்லை’ என்று பிரித்தே சொல்கிறது.

இரண்டாவது, ஒரு பொருள் அழிந்த பின் இருக்கும் இன்மை: அழிவுபாட்டபாவம். கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் எடுத்த கோயில் நிற்கிறது. அருகே மாளிகைமேட்டில் அரண்மனை இல்லை, அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளம் மட்டும் இருக்கிறது. அரியலூரில் கடல் இல்லை என்பதும் இவ்வகைதான். அதன் சுண்ணாம்புக் கற்களில் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மரம் ஒன்றும் அப்படியே மரமாக இல்லாமல் கல்லாகிக் கிடக்கிறது. அரியலூரைப் பற்றி ‘தேர் இஸ் நோ ஸீ’ என்றால் உண்மை. ‘தேர் வாஸ் நோ ஸீ’ என்றால் பொய். ஒரு வினைச்சொல் மாறியதும் பல கோடி ஆண்டு வரலாறு பொய்யாகிப்போகிறது.

மூன்றாவது முழுதுமபாவம், காற்றில் நிறம் எக்காலத்திலும் இல்லாதது போல. நான்காவதுதான் முக்கியமானது: ஒன்றினொன்றபாவம். குடம் துணி அல்ல. துணி குடம் அல்ல. இரண்டும் இருக்கின்றன, ஒன்று மற்றொன்றாக இல்லை. மற்ற மூன்றுக்கும் தமிழில் ‘இல்லை’, இதற்கு ‘அல்ல’. இன்றைய பேச்சில் இரண்டும் கலந்துவிட்டாலும் எழுத்தில் வேறுபாடு உயிரோடு இருக்கிறது. பெரியார் சிலைகளின் பீடத்தில் கடவுளை மறுக்கும் சொல் ‘இல்லை’. ‘அல்ல’ என்று எழுதினால் அது வேறு வாதமாகிவிடும். ‘இல்லை’ என்பதற்குள்ளும் வேறுபாடு உண்டு. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலையில் இருப்பதாக ஐதீகம். செவ்வாய்க்கிழமை அங்கே போய் ‘அம்மன் இல்லை’ என்று கேட்கும் பக்தர் மனம் கலங்குவதில்லை. அதை ‘டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்று மொழிபெயர்த்தால் நாத்திகம். ‘இஸ் நாட் ஹியர்’ என்றால் தல வழக்கம்.

சமயத் தத்துவத்தில் ‘இல்லை’க்கும் ‘அல்ல’வுக்கும் உள்ள வேறுபாடு உயிர்நிலையானது. ‘அத்துவைதம்’ என்ற சொல்லின் முதலில் நிற்கும் மறுப்பெழுத்து எதைக் குறிக்கிறது? சங்கரர் வழியில் இன்மை என்று கொண்டால் இரண்டாவது பொருளே இல்லை. உயிரும் உலகும் தனி உண்மையை இழந்துவிடுகின்றன. பெண்ணாகடத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் அதை ஏற்கவில்லை. அச்சொல் ‘ஒன்று’ என்று பொருள்படாது, இறைவனும் உயிரும் வேறாக நில்லாமையை உணர்த்தும் என்று தம் சிவஞானபோதத்தில் சொன்னார். பின்னர் 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அந்நூலுக்கு எழுதிய மாபாடிய உரையில் அதைக் கூர்மையாக்கினார்: அந்த எழுத்துக்கு இன்மைப் பொருளும் இல்லை, மறுதலைப் பொருளும் இல்லை, ‘அல்ல’ என்னும் அன்மைப் பொருளே. உயிரும் உடலும் போல, இறைவனும் உயிரும் பொருளால் இரண்டு, கலப்பால் இரண்டு அல்ல. ‘இரண்டு இல்லை’ என்பதற்கும் ‘இரண்டு அல்ல’ என்பதற்கும் நடுவில் ஒரு சமயம் முழுவதும் நிற்கிறது.

இந்த நுட்பத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முயன்றவர் 1864இல் திருச்சியில் பிறந்த ஜே.எம். நல்லசாமிப் பிள்ளை.  1895இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட அவர், சித்தாந்தத்தின் அத்துவைதம் எல்லாம் ஒன்றே என்னும் ஏகவாதம் ஆகாது என்று தொடர்ந்து வாதாடினார். இன்று அதே வாதத்தை ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் ‘தேர் ஆர் நாட் டூ’ என்று எழுதினால் சங்கரர் பக்கம் போய்விடுவார். ‘தே ஆர் நாட் டூ’ என்று எழுதினால் மெய்கண்டாரின் அருகில் வருவார்.