அளவுகோல் யார் கையில்?



2008-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குக் கொல்கத்தாவிலிருந்து பதின்பருவப் பெண் ஒருத்தி அழைத்து வரப்பட்டாள். நடனத்தில் ஆர்வம் மிக்கவள். தொலைக்காட்சி நடனப் போட்டி ஒன்றில் நடுவர்கள் அவளைக் கடுமையாக விமர்சித்தார்கள். அதன்பின் அவள் மனம் சோர்ந்தாள் என்றும், நாளடைவில் பேச்சு நின்று, கை கால்களின் இயக்கமும் குன்றியது என்றும் பெற்றோர் கூறினர். அச்செய்தி அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. நடுவர்களின் சொல்தான் நோய்க்குக் காரணமா என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. அது மருத்துவர்கள் ஆராய வேண்டியது. பின்னர் அவள் தேறினாள் என்பது ஆறுதல். ஆயினும் அந்த நிகழ்ச்சி நம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் ஒரு கேள்வியை வைத்துச் சென்றது: நம் குழந்தையின் மதிப்பை அளக்கும் கோலை நாம் யார் கையில் கொடுத்திருக்கிறோம்?

கண்டிப்பு நம் மரபுக்குப் புதியதன்று. தாளம் தவறினால் பாட்டு ஆசிரியர் இன்றும் கோபிக்கிறார். ஆனால் அந்தக் கோபம் நான்கு சுவர்களுக்குள் பிறந்து அங்கேயே முடிகிறது. மறுநாள் அதே பாடம், அதே ஆசிரியர், மீண்டும் ஒரு வாய்ப்பு. போட்டி மேடையிலோ நடுவரின் சொல், குழந்தையின் கண்ணீர், எதிரே அமர்ந்திருக்கும் தாயின் முகம் ஆகிய மூன்றும் படம்பிடிக்கப்பட்டு, சோக இசையும் சேர்க்கப்பட்டுத் திரும்பத் திரும்பக் காட்டப்படுகின்றன. திருத்துவதற்காகச் சொல்லும் சொல்லுக்கும், பிறர் பார்ப்பதற்காகச் சொல்லும் சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரியவர்கள் அறிவோம். குழந்தை அறியாது.

இந்நிகழ்ச்சிகளால் நன்மையே இல்லை என்று கூறுவது நியாயமாகாது. 2004-இல் 'இந்தியன் ஐடல்' தொடங்கியபின், பணமோ செல்வாக்கோ இல்லாத எளிய குடும்பத்து இளைஞர்கள் பலரின் குரலை நாடு கேட்டது. அதற்காக மகிழலாம். நம் கவலை வேறு. முன்பு ஒரு குழந்தை, "நன்றாகப் பாட நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டது. இன்று, "டி.வி.யில் வர நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறது. முதற் கேள்வி குழந்தையை சாதகத்துக்கு அழைத்துச் செல்கிறது. இரண்டாவது கேள்வி, ஊரார் கண்களை நாடி அலைய வைக்கிறது. மனிதனைக் கட்டும் மூன்று ஆசைகளுள் ஒன்றாக லோகேஷணையை பிருஹதாரண்யக உபநிஷதம் குறிப்பிடுகிறது. புகழாசையையும் அதில் சேர்த்தே பெரியோர் விளக்குவர். இன்று அந்த ஆசை கைபேசி வடிவில் குழந்தையின் உள்ளங்கையிலேயே அமர்ந்திருக்கிறது.

"தோற்றவர்களுக்குத்தானே துன்பம்? வென்றுவிட்டால்?" என்று சிலர் கேட்கலாம். பீகார் மாநிலம் மோதிஹாரியைச் சேர்ந்த சுசீல் குமார், 2011-இல் 'கோன் பனேகா கரோர்பதி' நிகழ்ச்சியில் 5 கோடி ரூபாய் வென்றார். அதுவரை மாதம் ஏறத்தாழ 6,000 ரூபாய் ஊதியத்தில் கணினிப் பணி செய்தவர். அந்த வெற்றிக்குப்பின் தாம் பட்ட துன்பங்களை 2020-இல் அவரே வெளிப்படையாக எழுதினார். உதவி என்ற பெயரில் பலர் ஏமாற்றினர். இல்லறத்தில் கசப்பு வந்தது. மதுவும் புகையும் பற்றிக்கொண்டன. பின்னர் அவர் ஊர் திரும்பி, செண்பக மரக்கன்றுகளை நடுவதில் மன நிறைவு கண்டார். பெரிய மனிதராவதைவிட நல்ல மனிதராவதே மேல் என்பதே அவர் கண்ட முடிவு. தோல்வி சுட்டது போலவே வெற்றியும் சுடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இங்கே நசிகேதனை நினைத்துக்கொள்வோம். தந்தை சினத்தால் கூறிய ஒரு சொல் அவனை யமனிடம் அனுப்பியது. அச்சொல்லால் அவன் நொறுங்கவில்லை. பலருள் தன் இடம் எது என்று நிதானமாக எண்ணிப் பார்த்தான்; தன்னை உயர்த்திக்கொள்ளவும் இல்லை, தாழ்த்திக்கொள்ளவும் இல்லை. யமன் அவன்முன் செல்வத்தையும், தேர்களையும், ஆடல் பாடல்களையும் காட்டியபோதும் அவன் அசையவில்லை. நிந்தையும் ஆசையும் தீண்டாத அந்த உறுதிக்குச் சிரத்தை என்று பெயர். கடோபநிஷதம் அச்சிறுவனுக்குச் சூட்டும் அணிகலன் அதுவே.

கர்நாடக மண்ணிலேயே நமக்கு மற்றொரு வழிகாட்டி உண்டு. பெரும் வணிகராக இருந்து, மனைவியின் மூக்குத்தி காரணமாக மனம் மாறி, அனைத்தையும் துறந்து வீதியில் பாடி உஞ்சவிருத்தி செய்தவர் புரந்தரதாசர் என்று மரபு கூறுகிறது. இன்று மல்லேசுவரத்திலோ மயிலாப்பூரிலோ ஒரு குழந்தை மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்கினால், அது அவர் வகுத்ததாகப் போற்றப்படும் பாடமே. அவருக்கு எந்த மேடையும் மதிப்பெண் வழங்கவில்லை. பாண்டுரங்கன் ஒருவனே கேட்டால் போதும் என்று பாடியவரின் பாடம், நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் குழந்தைகளின் நாவில் வாழ்கிறது.

குழந்தைகளைக் காக்கச் சட்டமும் முன்வந்துள்ளது. 2017-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, குழந்தைக் கலைஞரை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றச் செய்யலாகாது; ஓய்வின்றி 3 மணி நேரத்தைத் தாண்டலாகாது; வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பாக இட வேண்டும். இவை நல்ல விதிகள். ஆனால் உடலின் களைப்பையும் பணத்தையும் கணக்கிடும் சட்டத்தால் மனத்தின் காயத்தைக் கணக்கிட இயலாது. அந்தக் காவல் பெற்றோருடையது.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் குழந்தை போட்டிக்குச் செல்ல விரும்பினால் தடுக்க வேண்டாம். அதற்குமுன் உங்கள் உள்ளத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். இது அவளுடைய ஆசையா, நம் நிறைவேறாத ஆசையா? அவள் முதற்சுற்றிலேயே திரும்பி வந்தால், வாசலில் நம் முகம் எப்படி இருக்கும்? நடுவரின் முகத்தைவிட அந்த முகத்தையே குழந்தை அஞ்சுகிறது.

நாள்தோறும் மாலையில் வீட்டில் விளக்கேற்றியபின், குழந்தை ஒரு பாடலைப் பாடட்டும். அல்லது சிறிது நேரம் ஆடட்டும். யாரும் அதைப் படம்பிடிக்க வேண்டாம். கை தட்டவும் வேண்டாம், குறை கூறவும் வேண்டாம். முடிந்ததும் இறைவனுக்கு ஒரு மலரை இட்டு வணங்கச் சொல்லுங்கள். கலை இறைவனுக்குச் சமர்ப்பணம் என்பதை அக்குழந்தை சொல்லிக்கொடுக்காமலே கற்கும். அவ்வாறு கற்ற குழந்தை எந்த மேடையிலும் ஏறலாம். எந்த மேடையிலிருந்தும் இறங்கலாம். ஏறும்போது கொண்டுசென்ற நிறைவை இறங்கும்போதும் கொண்டுவரும். நம் குழந்தைகளுக்கு அந்தச் சிரத்தையை எல்லாம்வல்ல இறைவன் அருள்வானாக.